ஓடாத அக்கா

அந்த அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. அவரோடு வேலை செய்த காலத்தில் எத்தனையோ பேருந்துகளை விட்டிருக்கிறோம். எல்லாம் அவரால்தான். காலையில் மண்டபம் நிறுத்தத்தில் ராமநாதபுரம் பேருந்து வந்து நிற்கும். நாங்கள் பிரஷ்களையும் பட்டித் தகடுகளையும் சாக்குப் பையில் அள்ளிக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றுவோம். அக்கா அகதி முகாம் பக்கத்திலிருந்து ஒரு கையில் நீல வாளியும் மறு கையில் சாப்பாட்டுத் தூக்குமாக வருவார். பேருந்து உறுமும். நடத்துநர் படியில் நின்று கத்துவார்.

"யக்கா, ஓடியாங்க! டயமாச்சு!"

"போறதெண்டால் போங்கோ. அடுத்தது வரும்தானே."

நடை கூடாது, குறையாது. பேருந்து போய்விடும். நாங்களும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம், மேஸ்திரி இல்லாமல் போய் என்ன செய்ய? ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. அந்தத் தடத்து ஓட்டுநர்கள் தூரத்தில் நீல வாளியைக் கண்டாலே பிரேக்கில் கால் வைக்கப் பழகிவிட்டார்கள். அவர் ஓடப் பழகவில்லை. பேருந்து நிற்கப் பழகியது.

மழைக்கும் அப்படித்தான். பாம்பனில் ஒரு வீட்டு மாடியில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. நாங்கள் விழுந்தடித்துப் படிக்கட்டுக்குள் நுழைந்தோம். அக்கா வாளியை மூடி, பிரஷ்ஷைத் துடைத்து, ஈரச் சேலையோடு நிதானமாக வந்து சேர்ந்தார்.

"ஓடினா மட்டும் மழை விட்டிடுமோ? நீங்கள் கெதியா நனைஞ்சியள், நான் ஆறுதலா நனைஞ்சன்" என்றார்.

நாய்க்கும் ஓடவில்லை. அந்த வீட்டுத் தெருவிலேயே ஒரு செவலை நாய் எங்களைத் துரத்தியது. நான் சுற்றுச்சுவர் மேல் ஏறினேன். எங்கள் மூக்கையா ஒரு மீன் வண்டி மேலேயே ஏறிவிட்டார். அக்கா நின்ற இடத்தில் நின்றார். பாய்ந்து வந்த நாய் அவர் காலடியில் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. பிறகு வாளியை முகர்ந்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பிப் போனது.

எனக்கு இதெல்லாம் விநோதமாக இருந்தது. நான் ஓடுகிற சாதி. அபிராமத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன். அப்புறம் வீட்டிலிருந்து. மதுரையில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினேன், அங்கிருந்தும் ஓடினேன். சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் ஒரு கோடை கிடந்தேன். பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். அது பழகுவதற்குள் கிளம்பிவிட்டேன். உப்பூரில் மின்நிலைய வேலை நடந்தபோது இரும்புக் குழாய்களுக்குச் சிவப்புப் பூச்சு அடித்தேன். பிரஷ் பிடிக்கத் தெரிந்தது அங்கேதான். அந்த வேலையும் நின்றதும் கடலோரமாகவே வந்து மண்டபத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு நாள் படுத்திருந்தேன். கடைக்காரர்தான் அக்காவைக் காட்டிவிட்டார். அவர் என் ஊரைக் கேட்கவில்லை, பேரைக் கூடக் கேட்கவில்லை.

"ஏணியில நிண்டா தலை சுத்துமோ தம்பி?"

"சுத்தாதுக்கா."

"அப்ப நாளைக்கு வா."

முகாமில் ஆண்கள் பாதிப் பேர் பெயின்டர்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கு இங்கே முதலில் கிடைத்த வேலை அது. அக்காவின் கணவரும் பெயின்டர்தான். சாரத்திலிருந்து விழுந்து, கொஞ்ச காலம் படுக்கையில் கிடந்து, இறந்துபோனார். அவருடைய நீல வாளியை அக்கா எடுத்துக்கொண்டார். பொம்பளை சாரம் ஏறுவதா என்று ஒப்பந்தக்காரர்கள் சிரித்தார்களாம். சிரித்து முடிக்கட்டும் என்று அக்கா கீழே காத்திருந்திருக்கிறார். காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

அவருக்கு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சுவரானாலும் முதலில் உள்ளங்கையை அகல விரித்து அதன் மேல் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். சூடா, ஈரமா, தூசி ஒட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு விரலை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். எங்கள் கரையில் சுவர்கள் உப்புப் பூக்கும். உப்புப் பூத்த சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கு அப்பளம்போல் உரிந்து விழும். உச்சிப்புளியில் புது வீடு கட்டிய ஒரு மீன் வியாபாரி இதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னம்மா, சொவத்தப் போயி நக்குற?"

"உங்கட சுவர் இன்னும் கடலுக்குள்ளதான் நிக்குது ஐயா. முதல்ல கரைக்கு எடுப்பம்."

கை வைக்காமல் எந்தச் சுவரிலும் பிரஷ் வைக்க எங்களை விட்டதில்லை. அவரும் வைத்ததில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மொத்தம் நான்கு பேர். அக்கா, நான், உள்ளூர்க்காரரான மூக்கையா, முகாமிலிருந்து வரும் செல்வம் அண்ணன். நாங்கள் வேலை செய்த ஊர்களுக்கெல்லாம் மேலே விமானங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். கடற்கரையை ஒட்டிக் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. புதுப் பையன்கள் அங்கே ஓட்டப் பழகுவார்கள். ஏறுவது, பனங்காட்டுக்கு மேலே வளைவது, இறங்குவது, இறங்கிய வேகத்தில் மறுபடி ஏறுவது. காலையெல்லாம் இதே வேலைதான்.

சத்தம் கிட்டத்தில் வந்தால் செல்வம் அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது அவருக்குப் போகவில்லை. யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. அக்கா மட்டும் சாரத்தில் நிமிர்ந்து நின்று, பிரஷ் பிடித்த கையாலேயே வெயிலை மறைத்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும் வரை பார்ப்பார்.

"பழகிறான்" என்பார். அவ்வளவுதான். மறுபடி வேலை தொடங்கும்.

மூக்கையாவுக்கு அந்தத் தளத்தின் மேல் ஒரு சொந்தக் கோபம் இருந்தது.

"வெள்ளக்காரன் சண்டைக்காகப் போட்ட ரோடு அது. சண்ட முடிஞ்சுச்சு, போட்டது போட்டபடி போயிட்டான். அப்பறம் அது யாரு ரோடு? எங்க ரோடு. எங்க அய்யா அங்கனதான் மொளகா காயப் போடுவாரு. செவசெவன்னு கெடக்கும், மேல இருந்து பாத்தா பட்டுச் சீல விரிச்சாப்புல இருக்கும். நான் சைக்கிள் பழகுனதும் அங்கனதான். ஒரு நா நேவிக்காரன் வந்தான், வேலி போட்டான். மொளகாய அள்ளிட்டு வந்துட்டோம்."

"நீ சைக்கிள் பழகின ரோட்டிலதான் இப்ப அவன் பிளேன் பழகிறான். பழகிற ரோடு போல" என்றார் அக்கா.

அவர் ஏன் ஓடுவதில்லை என்பது எனக்குத் தெரிய வெகு நாள் ஆனது. நான் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சன்னல்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு விமானம் போயிற்று. அது போன பிறகு, தேய்ப்பதை நிறுத்தாமல், அவராகவே சொன்னார்.

இலங்கையில் மன்னார்ப் பக்கம் கடலோரத்தில் அவர் ஊர். அங்கே வானத்தில் சத்தம் கேட்டால் அது பொம்மர், குண்டு போட வரும் விமானம். எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடுவார்கள். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வாதம், ஓட முடியாது. ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டுதான் அக்கா குழிக்குப் போவார். ஒரு நாள் மத்தியானம், அம்மா அடுப்படியில் இருந்தபோது, சத்தம் மிகவும் கிட்டத்தில் கேட்டது.

"கால் ஓடிட்டுது தம்பி. நான் ஓடச் சொல்லேல்ல. அது தானா ஓடிட்டுது."

குழிக்குள் விழுந்த பிறகுதான் கையில் அம்மா இல்லை என்று தெரிந்தது. விமானம் சின்னது, முன்னால் ஒரு விசிறி. தலைக்கு மேலே தாழ்வாகச் சுற்றியது. குழிக்குள் இருந்த யாரோ, புதுப் பெடியன் போல, பழகிறான் என்றாராம். அன்றைக்கு அது எதையும் போடாமல் போய்விட்டது. அக்கா எழுந்து வீட்டுக்கு நடந்தார். அந்தத் தூரம்தான் தன் வாழ்க்கையில் ஆக நீண்ட தூரம் என்றார். அம்மா அடுப்படிப் பலகையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மீன் கறியை இறக்கி வைத்து, மகளுக்குத் தட்டில் சோறும் போட்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"கறி ஆறுது, இருந்து சாப்பிடு" என்றாராம்.

உப்புத்தாளை உதறிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு அவ எனக்கு ரெண்டு அடி போட்டிருந்தா நான் இப்பவும் ஓடிக்கொண்டுதான் திரிவன். அவ சோறு போட்டவ. அதோட கால் நிண்டுட்டுது."

பிறகு அம்மாவும் மகளும் கடல் தாண்டி வந்தபோதும் அப்படித்தான். அரிச்சல்முனைக்குப் பக்கத்து மணல்திட்டில் படகுக்காரன் இவர்களை இறக்கிவிட்டபோது, இறங்கி ஓடுங்கோ, ஓடுங்கோ என்று கத்தினானாம். எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார்கள். அக்கா அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். கடைசியாகக் கரை ஏறியது அவர்கள்தான். அந்த அம்மா முகாமில் பல வருடம் வாழ்ந்து இறந்தார். அதை அக்கா ஒரு பட்டம் வாங்கியதுபோலச் சொல்வார்: "கட்டில்ல படுத்து, என்ர கையால தண்ணி குடிச்சுச் செத்தவ. எங்கட ஊரில அது லேசில கிடைக்காது."

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் ஒரு விமானம் திருப்பி அனுப்பியது.

ராமநாதபுரத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் எங்களுக்கு அடிக்கடி வேலை தருவார். அன்று காலை ஒரு சிறுவர் பூங்காவுக்கு வரச் சொன்னார். திறப்பு விழா நெருங்கியிருந்தது, சுற்றுச்சுவருக்கும் சறுக்கு மரத்துக்கும் வண்ணம் அடிக்க வேண்டும் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் பூங்காவின் நடுவில், ஆள் உயரச் சிமெண்டு மேடையின் மேல், ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது. சின்னது. முன்னால் ஒரு விசிறி. தளத்தில் பழக வைத்திருந்து, கிழடு தட்டியதால் ஊருக்குக் கொடுத்துவிட்டார்களாம். வண்ணமெல்லாம் உரிந்து திட்டுத் திட்டாக இருந்தது.

"இதான் மெயின் வேல" என்றார் ஒப்பந்தக்காரர். "தளத்துல பழகுன பயலுக முக்காவாசிப் பேரு மொதமொதல்ல ஏறுனது இதுலதான். நல்லாச் சொரண்டி, வெள்ளயும் ஆரஞ்சும் அடிச்சு, புத்தம் புதுசா நிப்பாட்டிரணும். என்னம்மா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசல் கதவைத் தாண்டவில்லை. வாளி தரையில் இருந்தது. விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பறக்கிற விமானத்தை நிமிர்ந்து பார்த்து நின்றவர், நிற்கிற விமானத்துக்கு முன்னால் உதடு வெளுத்து நின்றார். பிறகு குனிந்து வாளியை எடுத்தார். திரும்பினார். சாலைக்குப் போய், நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அதே நடைதான். கூடவில்லை, குறையவில்லை.

மூக்கையாவுக்கு வாய் சும்மா இருக்காது. பின்னாலிருந்து கத்தினார்.

"ஓடமாட்டேன், ஓடமாட்டேம்பியேக்கா! இப்ப நடந்துக்கிட்டே ஓடுறியே!"

அக்கா திரும்பவில்லை. ஆனால் அவர் கையில் வாளி ஒரு தடவை ஆடி நின்றதை நான் பார்த்தேன்.

ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா? நாளைக்கு ஒரு நா பாப்பேன். வரலேன்னா பரமக்குடி ஆளுகள எறக்கிருவேன். அப்பறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார்.

மூக்கையா தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார். வேலை போவது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நான் எத்தனையோ வேலைகளை விட்டவன். ஆனால் அந்த நடை பொய்யாகிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. ஓடாத ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முகாமுக்கு எதிர்த்த டீக்கடையில் அக்கா எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் பின்னாலேயே போய்விட்ட செல்வம் அண்ணனும் பக்கத்தில் இருந்தார்.

"அக்கா, நான் சும்மா வெளையாட்டுக்கு..." என்று மூக்கையா தொடங்கினார்.

"இல்ல. நீ சொன்னதுதான் சரி. நடந்துகொண்டு ஓடினனான். இத்தனை வருசமா ஓடேல்ல, ஓடேல்ல எண்டு நினைச்சன். வானத்தில போறதுக்கு நான் ஏன் ஓடோணும்? அது என்னைத் தேடி வரேல்ல. இது கிட்ட வந்து நிக்குது. இதைக் கண்ட உடன கால் பழையபடி தானா போயிட்டுது."

"விடுங்கோ அக்கா" என்றார் செல்வம் அண்ணன். "பரமக்குடிக்காரர் அடிக்கட்டும். எங்களுக்கு வேற சுவர் இல்லையோ? உந்தப் பிளேனைத் தொட்டா எனக்குச் சோறு இறங்காது."

"நீ வராட்டி நில்லு. நான் போறன்." டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு ஒருத்தரும் சாப்பாடு கொண்டு வரவேண்டாம். நான் நாலு பேருக்கும் சமைச்சுக் கட்டிக்கொண்டு வாறன்."

மறுநாள் பேருந்தில் அவர் எதுவும் பேசவில்லை. பெரிய தூக்கு ஒன்றை மடியில் வைத்திருந்தார். நெத்திலிக் குழம்பு மணம் பேருந்து முழுக்க வந்தது. செல்வம் அண்ணனும் வந்திருந்தார். பூங்கா வாசல் வரைக்கும்தான், உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

வாசலில் அக்கா நிற்கவில்லை. நின்றால் கால் முடிவு செய்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதே நடையில் உள்ளே போனார். நானும் மூக்கையாவும் பத்தடி பின்னால் போனோம். சாரம் முந்தின நாளே கட்டியிருந்தது. தூக்கை இறக்கைக்குக் கீழே, நிழலில் வைத்தார். சாரத்தில் ஏறினார். விமானத்தின் வயிற்றுப் பக்கம் முகத்துக்கு நேராக வந்தது. வழக்கப்படி உள்ளங்கையை விரித்துத் தூக்கினார். கை தகரத்துக்கு ஒரு விரல் தூரத்தில் போய் நின்றுவிட்டது.

அது அங்கேயே நின்றது. மேல் உதட்டில் வியர்வை பொடித்திருந்தது. கால் கட்டைவிரல் சாரப் பலகையை அழுத்திப் பிடித்திருந்தது.

கை வைத்தார்.

சுவரில் வைப்பது போலத்தான், அகல விரித்து. எந்தச் சுவரிலும் அவ்வளவு நேரம் அவர் கை வைத்து நான் பார்த்ததில்லை. பிறகு எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. ஒரு விரலை நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார். 'தூ' என்று ஓரமாகத் துப்பினார்.

"உப்பு" என்றார்.

எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு பெரிய சாமான், இதையும் கடல் காத்து தின்னுது! இதுவும் சுவர்தான், வேற ஒண்டுமில்ல. ஏலே மூக்கையா! பாத்துக்கொண்டு நிக்கிற! தண்ணி கொண்டா, கழுவோணும்!"

அவர் வாயிலிருந்து எங்கள் ஊர் 'ஏலே' வந்தது அதுதான் முதல் தடவை. மூக்கையா வாளியோடு குழாயடிக்கு ஓடினார். அந்த ஓட்டத்துக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அது மற்ற எல்லா வேலைகளையும் போல ஒரு வேலை ஆகிவிட்டது. கழுவினோம், சுரண்டினோம், உப்புத்தாள் தேய்த்தோம். பழைய வண்ணம் செதில் செதிலாக எங்கள் தலையில் கொட்டியது. அக்கா விசிறியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு இதழாகத் திருப்பித் திருப்பி, கத்திக்குச் சாணை பிடிப்பதுபோலத் தேய்த்தார். தேய்க்கும்போது அதோடு ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் போய்க் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

மேடையின் முகப்பில் தளத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னுடையது. எட்டாம் வகுப்பு படித்தவன் குழுவில் நான் ஒருவன்தான். ஒப்பந்தக்காரர் கொடுத்த வாசகத்தைப் பென்சிலில் கோடு போட்டு எழுதினேன். சண்டைக் காலத்தில் ஓடுபாதை போட்டது, பிறகு கைவிட்டது, கடற்படை வந்து புதுப்பித்தது, விமானிகள் பயின்றது என்று சுருக்கமாக இருந்தது. மூக்கையா பின்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கைவிட்டதுக்கும் புதுப்பிச்சதுக்கும் நடுவுல எம்புட்டு வருசம் இருக்கு! மொளகா காயப் போட்டத எழுதலியே? ஒரு வரி போடுறா தம்பி, எங்க அய்யா பேரு வேணாம், மொளகான்னு மட்டும் போடு."

"மிளகாய்க்கும் இடமில்ல, எங்களுக்கும் இடமில்ல" என்றார் அக்கா மேலிருந்து. "பரவாயில்ல. அவையட பிளேன், எங்கட பெயின்ட். ஆர் பாத்தாலும் முதல்ல பெயின்டைத்தான் பாப்பினம்."

மூக்கையா பிடித்த பிடியில் நான் கடைசி வரிக்குக் கீழே, கோடு போடும் இடத்தில், கொடி மாதிரி ஓர் அலங்காரம் வரைந்தேன். கொடியில் குண்டு குண்டாக மிளகாய் தொங்கும். ஒப்பந்தக்காரர் அதைப் பூ மொட்டு என்று நினைத்து நன்றாயிருக்கிறது என்றார். இப்போதும் அந்த வழியாகப் பேருந்தில் போனால் எட்டிப் பார்ப்பேன். ஆரஞ்சு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மிளகாய் அப்படியே சிவப்பாக இருக்கிறது. அக்கா இப்போது எந்த ஊரில் எந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. நான் வழக்கம்போல அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். ஆனால் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கடைசி நாளைச் சொல்ல வேண்டும். விமானத்தின் முதுகு மட்டும் பாக்கி இருந்தது. சாரம் எட்டாத இடம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறக்கை வழியாக ஏறி, அதன் முதுகில் வெறுங்காலோடு நடந்தார். வாலுக்குப் போய்க் குந்தி, வெள்ளை அடித்துக்கொண்டே பின்வாங்கி, இறக்கை ஒட்டும் இடத்துக்கு வந்தார். செல்வம் அண்ணன் இதற்குள் வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, சறுக்கு மரத்துக்கு மஞ்சள் அடிக்கும் அளவுக்கு ஆகியிருந்தார். விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடித்தார்.

உச்சி வெயிலில் சத்தம் கேட்டது. பனைகளுக்கு மேலே, எப்போதையும் விடத் தாழ்வாக, பழகுகிற விமானம் ஒன்று நேராக எங்களைப் பார்த்து வந்தது. செல்வம் அண்ணன் பிரஷ்ஷைப் போட்டார். ஒட்டிக்கொள்ளச் சுற்றுச்சுவர் தூரத்தில் இருந்தது, பக்கத்தில் வேறு மறைவு இல்லை. இருந்த ஒரே மறைவு அந்த இறக்கைதான். அவர் அதன் கீழே பாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் உடம்பு தானாகக் குனிந்தது.

அக்கா எழுந்து நின்றார். ஒரு விமானத்தின் முதுகில் நின்றுகொண்டு இன்னொரு விமானத்தை நிமிர்ந்து பார்த்தார். காற்றில் சேலைத் தலைப்பு படபடத்தது. சத்தம் தலைக்கு நேர் மேலே வந்து எல்லாவற்றையும் மூடியது. அவர் கால் அசையவில்லை. பிரஷ் பிடித்த கையை மேலே உயர்த்தினார். முழங்கை வரைக்கும் வெள்ளை வழிந்தது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, வளைந்து, ஓடுபாதையைப் பார்த்துப் போயிற்று. அந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் வளைவார்கள். மூக்கையா மட்டும் இன்றுவரை, அந்தப் பையன் அக்காவுக்குச் சல்யூட் அடிச்சான் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சத்தம் தேய்ந்தது. அக்கா கையை இறக்கினார்.

"பழகட்டும்" என்றார். "நல்லாப் பழகட்டும்."

இறங்கி வந்தார். இறக்கையின் கீழே செல்வம் அண்ணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் தூக்கு அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அக்கா வெள்ளைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே, நிழலின் நட்ட நடுவில், காலை மடக்கி உட்கார்ந்தார். தூக்கைத் திறந்து நாலு இலையையும் விரித்தார். சோறு போட்டார். முதல் இலையைச் செல்வம் அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"கறி ஆறுது" என்றார். "இருந்து சாப்பிடு."

செல்வம் அண்ணன் கண்ணைத் திறந்தார். முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேலே இறக்கையைப் பார்த்தார். புது வெள்ளை பளபளத்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மூக்கையாவும் நானும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செல்வம் அண்ணன் இன்னொரு தடவை குழம்பு கேட்டார். அக்கா தூக்கைக் கவிழ்த்துக் கடைசி நெத்திலி வரைக்கும் அவர் இலையில் வழித்துப் போட்டார்.